மாணவர்களின் மதிப்பெண் பட்டியலையும் படங்களையும் பெற்றோர் வாட்ஸப் குழுவில் போடலாமா? நூல் பக்கங்களை நகலெடுத்துக் கொடுப்பது குற்றமா?

கேள்வியின் தொனியை வைத்துப் பார்த்தால் நீங்கள் தனியார் பள்ளி ஒன்றில் அண்மையில் சேர்ந்தவர் என்றும், நிர்வாகம் சொல்வதைத் தட்ட முடியாத இடத்தில் இருக்கிறீர்கள் என்றும் தோன்றுகிறது. நான் வழக்கறிஞர் அல்லன். அரசு உதவி பெறும் பள்ளியில் கணிதம் கற்பிப்பவன். பணியிடத்தில் தேவைப்பட்டதால் படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். ஆசிரியர்களாகிய நாம் பயப்பட வேண்டாத இடத்தில் பயந்துவிட்டு, பயப்பட வேண்டிய இடத்தில் துணிச்சலாக இருக்கிறோம் என்பது என் கருத்து. உங்கள் இரண்டு கேள்விகளும் அதையே காட்டுகின்றன.

நகலெடுப்பதைப் பற்றி உங்களைப் பயமுறுத்தியவர் யாராக இருந்தாலும் கவலையை விடுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 52ஆம் பிரிவு, கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுப்பதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. வினாத்தாளில் ஒரு பத்தியை எடுத்துப் போடுவதற்கும் இது பொருந்தும். டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்து நகலகம் ஒன்றின் மீது ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் உள்ளிட்ட பதிப்பகங்கள் வழக்குத் தொடுத்தபோது, 2016இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதியும், பின்னர் இரு நீதிபதிகள் அமர்வும் இந்த விலக்குக்கு விரிவான பொருளே கொண்டார்கள். அடுத்த ஆண்டு பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டன. இதைச் சாக்காக வைத்து விலைக்கு விற்கும் வழிகாட்டி நூலை முழுதாக ஸ்கேன் செய்து டெலிகிராமில் ஏற்றலாமா என்று கேட்காதீர்கள். அது கற்பித்தல் ஆகாது. ஆண்டு விழாவில் திரைப்பாடலுக்குப் பிள்ளைகள் ஆடுவதற்கும் இப்படி ஒரு எல்லை உண்டு. பார்ப்பவர்கள் ஆசிரியர், மாணவர், பெற்றோர் என்ற வட்டத்துக்குள் இருக்கும்வரை சட்டம் விலக்கு அளிக்கிறது. அதே நடனத்தை யூடியூபில் ஏற்றிய பிறகு அந்த விலக்கை நம்ப முடியாது.

குழுவில் பட்டியல் போடும் விஷயம்தான் என்னை இந்தப் பதிலை எழுத வைத்தது. சில ஆண்டுகளுக்கு முன்பு நான் ஒன்பதாம் வகுப்புக்கு வகுப்பாசிரியராக இருந்தேன். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கான கல்வி உதவித்தொகைக்கு வங்கிக் கணக்கும் ஆதாரும் சரியாக இணைக்கப்பட்டிருக்க வேண்டும். இணைக்காதவர்களின் பெற்றோருக்குத் தகவல் சொல்லும் அவசரத்தில், அலுவலகத்திலிருந்து ஒரு எக்செல் பட்டியலை அப்படியே வகுப்புக் குழுவில் போட்டுவிட்டார்கள். பெயர், எமிஸ் எண் (அரசின் கல்வித் தகவல் தளத்தில் மாணவருக்கான பதிவு எண்), சாதி, கணக்கு எண், கடைசிக் கட்டத்தில் சிவப்பு எழுத்தில் "இணைக்கப்படவில்லை". சாதிக் கட்டத்தை நீக்கியிருந்தாலும் பயனில்லை; அந்தப் பட்டியலில் பெயர் இருப்பதே சாதியைச் சொல்லிவிடும். நான் குழுவின் அட்மின் என்பதால் பார்த்தவுடன் அழித்தேன், அதற்குள் பலர் பதிவிறக்கியிருந்தார்கள். ஒன்பதாம் வகுப்புப் பெற்றோர் குழு என்றால் அதில் பாதிக் கைபேசிகள் பிள்ளைகளின் கையில்தான் இருக்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

மறுநாள் முதல் பாடவேளையில் பின்வரிசைப் பையன் ஒருவன், பட்டியலில் பெயர் இருந்த இன்னொருவனிடம், "உனக்கு எவ்வளவுடா வரும்?" என்று வகுப்பே கேட்கும்படி கேட்டான். மற்றவன் பதில் சொல்லவில்லை. ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினான். அன்று மாலை தலைமையாசிரியரிடம் இதைக் கொண்டுபோனபோது அருகிலிருந்த மூத்த ஆசிரியர், "ஊருக்கே தெரிஞ்ச சாதிதானே சார், இதுல என்ன ரகசியம்?" என்றார். ஊருக்குத் தெரிந்ததைப் பள்ளிக்கூடமே பட்டியலாக்கி அனுப்பக்கூடாது என்று நான் சொன்னது அவருக்கு வீம்பாகத்தான் பட்டது. ஆனாலும் தலைமையாசிரியர் கேட்டுக்கொண்டார். அதன்பிறகு என் வகுப்பில் இதுபோன்ற தகவல்கள் ஒவ்வொரு பெற்றோருக்கும் தனித்தனியாகவே போகின்றன. நாற்பது பேருக்குத் தனியாக அனுப்ப நேரம் ஏது என்று பின்னூட்டத்தில் கேட்கப்போகிறவர்களுக்கு: பெயர் இருப்பவர்களுக்கு மட்டும் அனுப்பினால் போதும், வகுப்பு முழுவதற்கும் அனுப்பத் தேவையில்லை.

சட்டமும் இந்தப் பக்கமே நகர்கிறது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். 2023இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர் அனைவரையும் குழந்தை என்றே கொண்டு, அவர்களுடைய தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியமான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. கல்வி நிறுவனங்களுக்குச் சில விலக்குகள் உண்டு, ஆனால் அவை கற்பித்தலுக்கும் குழந்தையின் பாதுகாப்புக்கும் தேவையான அளவுக்கே. இவற்றையெல்லாம்விடக் கடுமையானது, ஏற்கெனவே நடைமுறையில் இருக்கும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவு. ஒரு குழந்தை பாதிக்கப்பட்டவராகவோ சாட்சியாகவோ குற்றம் சாட்டப்பட்டவராகவோ இருந்தால், பெயர், படம், பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் எந்தத் தகவல் தொடர்பு வடிவிலும் வெளியிடக்கூடாது. மீறினால் ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். ஆசிரியர் குழுவில் "நம்ம பள்ளிப் பிள்ளைதான்" என்று ஒரு செய்தியைப் படத்தோடு அனுப்பும் நண்பர்கள் இதை ஒருமுறை படித்துவிடுவது நல்லது.

படங்களைப் பொறுத்தவரை முழுப் பழியையும் ஆசிரியர் மேல் போடுவது எனக்கு உடன்பாடில்லை. உறுதிமொழி எடுத்தால் படம், மரக்கன்று நட்டால் படம், கை கழுவினால் படம் என்று கேட்பது மேலிடம். எடுப்பது நம் சொந்தக் கைபேசி, அனுப்புவது நம் சொந்த டேட்டா, குழந்தைகளின் முகங்கள் நிறைந்து கிடப்பது நம் வீட்டுப் படங்களுக்கு நடுவில். நம் சொந்த எண்ணோ குழுவில் யார் வேண்டுமானாலும் எடுத்து நள்ளிரவில் அழைக்கும்படி கிடக்கிறது. இதைக் கேட்டால் சேவை மனப்பான்மை இல்லை என்பார்கள். போகட்டும். சான்றுக்கு அனுப்பும் படத்தைப் பின்புறமிருந்து எடுத்தாலும் எண்ணிக்கை தெரியும். செயல்திட்டத்தைக் காட்ட வேண்டுமென்றால் அட்டையை மட்டும் படமெடுங்கள், பிடித்திருக்கும் முகத்தை விட்டுவிடலாம். அனுப்பியதும் கைபேசியிலிருந்து அழியுங்கள். குழந்தையின் படத்தை உங்கள் வாட்ஸப் ஸ்டேட்டஸில் வைக்காதீர்கள், அது முதல் மதிப்பெண் எடுத்த குழந்தையாக இருந்தாலும் சரி.

மதிப்பெண் பட்டியலைக் குழுவில் போடச் சொல்லி உங்கள் நிர்வாகம் மீண்டும் வற்புறுத்தினால் வாதாட வேண்டாம். வேலை உங்களுக்கு முக்கியம் என்பது எனக்குப் புரிகிறது. "பெற்றோர் யாராவது கேட்டால் காட்ட வசதியாக இருக்கும், சுற்றறிக்கையாகத் தந்துவிடுங்கள் சார்" என்று பணிவாகக் கேளுங்கள். எங்கள் பள்ளியில் அப்படி ஒரு சுற்றறிக்கையில் கையெழுத்திட இதுவரை யாரும் முன்வரவில்லை.