புதுச்சேரி – பாரிஸ்: டிக்கெட்டில் கண்ணுக்குத் தெரியாத மணிநேரங்கள்

கேள்வி: மகள் பாரிஸில் படிக்கிறாள். அவளைப் பார்க்க முதல்முறையாகத் தனியாகப் போகிறேன். பிப்ரவரி 15, 03:45க்குச் சென்னையில் ஏறி, துபாயில் விமானம் மாறி, அன்றே 12:25க்குப் பாரிஸில் இறங்குவதாக டிக்கெட்டில் இருக்கிறது. அப்படியானால் 8 மணி 40 நிமிடப் பயணம்தானா? தூரம் எவ்வளவு? வீட்டிலிருந்து எப்போது கிளம்ப வேண்டும்? – ஒரு வாசகி, முத்தியால்பேட்டை

பதில்: பயணம் 13 மணி 10 நிமிடம். டிக்கெட்டில் ஒவ்வொரு ஊரின் நேரமும் அந்தந்த ஊர்க் கடிகாரப்படிதான் இருக்கும். குளிர்காலத்தில் பாரிஸ் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். நீங்கள் கணக்கிட்ட 8:40உடன் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை வித்தியாசம் மூன்றரை மணிதான். மகளுக்குப் போன் செய்யும்போதும் இது உதவும்.

சென்னை – பாரிஸ் வான்வழித் தூரம் சுமார் 8,020 கி.மீ. பூகோள உருண்டை இருந்தால் இரண்டு ஊருக்கும் நடுவே ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். தட்டையான வரைபடத்தில் ஈராக் மேல் போவதாகத் தோன்றும் பாதை, உருண்டையில் வடக்கே ஏறி, பாதி வழியில் காஸ்பியன் கடலின் தென்கரையைத் தொடும். துபாய் வழியாகப் போனால் 2,930 + 5,240 = 8,170 கி.மீ. கூடுதல் வெறும் 150 கி.மீ. ஆக, நேரத்தைத் தின்பது சுற்றுப்பாதை அல்ல, துபாயில் காத்திருப்பதுதான். போர்ச் சூழலில் சில நாட்டு வான்வெளியைத் தவிர்க்கும்போது தூரம் இன்னும் கூடும்.

பறக்கும் நேரத்தை நீங்களே போட்டுப் பார்க்கலாம். மேற்கே போகும்போது உயரத்தில் எதிர்க்காற்று வீசுவதால் தூரத்தை 800ஆல் வகுத்து, ஏற இறங்க அரைமணி சேருங்கள். துபாய்க்கு நாலு மணி பத்து நிமிடம், அங்கிருந்து பாரிஸுக்கு ஏழு மணி நேரம் வரும். திரும்பும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். 880ஆல் வகுத்தால் சரியாக இருக்கும்.

இனி, பலர் விமானத்தையே தவறவிடும் இடத்துக்கு வருவோம். 15ஆம் தேதி 03:45 என்பது, 14ஆம் தேதி இரவு படுத்து எழுவதற்குள் வந்துவிடும் அதிகாலை. நீங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டியது 14ஆம் தேதி இரவு 9 மணிக்கு! காலண்டரில் 14ஐத்தான் வட்டமிடுங்கள். திண்டிவனம், செங்கல்பட்டு வழியாகத் திரிசூலம் விமான நிலையம் சுமார் 150 கி.மீ., மூன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பு அங்கே இருக்க வேண்டும். கவுண்டர் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடும். 14 ஞாயிறாக இருந்தால் ஏழரைக்கே கிளம்புங்கள்: வார இறுதி முடிந்து சென்னை திரும்பும் வண்டிகள் தாம்பரத்துக்கு முன்பே தேங்கி நிற்கும்.

துபாயில் இறங்குவது 06:25, அடுத்த விமானம் 08:20. ஒரே பி.என்.ஆர். என்றால் இந்த இடைவெளி போதும். பெட்டியைப் பாரிஸில்தான் எடுப்பீர்கள். சென்னையிலேயே இரண்டு போர்டிங் பாஸையும் கேட்டு வாங்கி, பெட்டியில் ஒட்டிய சீட்டில் சி.டி.ஜி. (பாரிஸ் சார்ல் து கோல் விமான நிலையத்தின் குறியீடு) என்று இருக்கிறதா எனப் பார்த்துவிடுங்கள். தனித்தனி டிக்கெட் என்றால் இந்த நேரம் போதவே போதாது. முதல் விமானம் தாமதித்து அடுத்தது போய்விட்டால் மாற்று விமானம் தர வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

பாரிஸில் குடியேற்றச் சோதனை, பெட்டி, நகருக்குள் போகும் ஆர்.இ.ஆர். பி ரயில் எல்லாம் சேர்த்து இரண்டு மணி நேரம். மகளை மதியம் இரண்டரை மணிக்கு ரயில் நிலையத்துக்கு வரச் சொல்லுங்கள். புதுச்சேரியில் அப்போது மாலை ஏழு. நீங்கள் வாசலைத் தாண்டி 22 மணி நேரம் ஆகியிருக்கும்.