கே. பி. சுந்தராம்பாள் புகழ் பெற்றது கிட்டப்பாவால்தானா?

இப்படிக் கேட்பவர், திருவிளையாடலில் அவ்வையாராக வந்த அம்மையாரைப் பார்த்துவிட்டு, நாடக நடிகரும் பாடகருமான கணவர் கிட்டப்பாவோடு அவருக்கிருந்த காதல் கதையையும் யாரிடமோ கேட்டிருப்பார் என்று எண்ணுகிறேன். இல்லை என்பதே என் பதில். கிட்டப்பாவைக் குறைத்துச் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அந்தச் செங்கோட்டைக் குரலுக்கு நானும் அடிமைதான்.

1908-இல் கொடுமுடியில் பிறந்த சுந்தராம்பாள், சிறுமியாகவே வேலு நாயர் நாடகக் குழுவில் சேர்ந்து, நல்லதங்காளின் மகனாக வேடமிட்டுப் பசிக்கொடுமையைப் பாடியவர். கிட்டப்பாவோடு ஜோடி சேரும் முன்பே இலங்கை மேடைகளில் அவருக்குப் பெயர் இருந்தது.

என் தாத்தா ஸ்பெஷல் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்தவர். இந்த ஜோடிக்கு வாசிக்கும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. கூட்டத்தோடு நின்று கேட்டதோடு சரி. ஆளுக்கோர் ஊரிலிருந்து வந்து, ஒத்திகையே இல்லாமல் அன்றிரவே மேடையேறும் அந்த நாடகங்களில், வள்ளி திருமணம் என்றால் வேலன் எந்தக் கட்டையில் (சுருதியில்) எடுத்தாலும் வள்ளி அங்கேயே பாட்டுக்குப் பாட்டு, தர்க்கத்துக்குத் தர்க்கம் ஈடு கொடுத்தாக வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் கடைசியில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். "அவர் ஏற ஏற, அந்த அம்மா விடாமல் கூடவே ஏறினாங்கடா" என்பார் தாத்தா.

எங்கள் ஊர்க் குடமுழுக்கு மலருக்கு இதையெல்லாம் விரிவாக எழுதிக் கொடுத்தேன். அச்சில் காதலும், கிட்டப்பா மறைந்தபின் அம்மையார் உடுத்திய வெள்ளைச் சேலையும் மட்டும் மிஞ்சின. மீதி இடத்தை ஒரு நகைக்கடை விளம்பரம் நிரப்பியிருந்தது. பக்கம் போதவில்லை என்றார்கள். நன்கொடையாளர் படங்களுக்கு மட்டும் பக்கம் போதியது எப்படியோ!

அவர்கள் வெட்டியதை இங்கே எழுதுகிறேன். 1933-இல் கிட்டப்பா மறைந்தபோது அம்மையாருக்கு வயது 25. ஆண்களோடு ஜோடியாக நடிப்பதில்லை என்று உறுதி பூண்டு ஒதுங்கியிருந்தவரை, 1935-இல் 'பக்த நந்தனார்' படத்துக்கு அழைத்தார்கள். மகாராஜபுரம் விசுவநாத ஐயர் வேதியராக வர, நந்தனாராக ஆண் வேடத்தில் நடித்தவர் சுந்தராம்பாள். ஊதியம் ஒரு இலட்சம் ரூபாய், அந்நாளில் யாரும் கேள்விப்படாத தொகை. கிட்டப்பா இல்லாத படத்துக்கு, அவர் பெயருக்காகவா அவ்வளவு பணத்தை எடுத்து வைத்தார்கள்? அந்தக் கணக்கை யாராவது விளக்கினால் கேட்டுக்கொள்கிறேன்.