தேவன் நம் திட்டத்துக்கு 'வேண்டாம்' என்று சொன்னால் தாழ்மையோடு ஏற்றுக்கொள்வது எப்படி?

மிஷனரி ஊழியத்துக்குப் போக ஜெபித்து, வேலையை விடவும் தயாராகி, கடைசியில் மருத்துவப் பரிசோதனையில் நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே விண்ணப்பித்த தோழி அடுத்த மாதம் கிளம்புகிறார். 'தேவ சித்தம்' என்று வாய் சொல்கிறது, மனசு சொல்லவில்லை என்கிறீர்கள்.

மனசு சொல்லாததைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்படாதீர்கள். கானானுக்குள் போக விடும்படி மோசே கெஞ்சினார், போதும், இனி இதைப் பற்றி என்னிடம் பேசாதே என்று கர்த்தரே சொல்லும் அளவுக்குக் கெஞ்சினார் (உபாகமம் 3). பூமியில் உள்ள எல்லாரையும்விட சாந்தகுணம் உள்ளவர் என்று எண்ணாகமம் 12 சொல்வதும் அதே ஆளைத்தான்.

ஆனால் உங்கள் நிலைமைக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பவர் தாவீது ராஜா. நான் கேதுருமர வீட்டில் இருக்கிறேன், தேவனுடைய பெட்டி திரைகளுக்குள் இருக்கிறதே என்று அவருக்கு உறுத்துகிறது, ஆலயம் கட்ட நினைக்கிறார். நல்ல ஆசை. நாத்தான் தீர்க்கதரிசியும் கேட்டவுடனே போய்ச் செய்யும், கர்த்தர் உம்மோடு இருக்கிறார் என்று சொல்லிவிடுகிறார். அன்று ராத்திரியே அவருக்குக் கர்த்தருடைய வார்த்தை வருகிறது, ஆலயத்தைக் கட்டப் போவது நீர் இல்லை என்று மாற்றிச் சொல்ல வேண்டியதாகிறது. (இந்த வருஷம் உனக்கு வாசல் திறக்கும் என்று மேடையிலிருந்து சொல்பவர்கள் 2 சாமுவேல் 7ஐ ஒருமுறை வாசித்துவிட்டு மைக்கைப் பிடிக்கலாம்.) நீ மிகுதியாக ரத்தம் சிந்தினாய், யுத்தம் செய்தாய் என்கிற காரணம் அந்த அதிகாரத்தில் இல்லவே இல்லை, பிற்பாடு மகனிடம் பேசும்போதுதான் தாவீது அதைச் சொல்கிறார். அதனால் காரணம் புரிந்த பிறகுதான் பணிய முடியும் என்று நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பதிலைக் கேட்டதும் அவர் உள்ளே போய்க் கர்த்தருடைய சமுகத்தில் உட்கார்ந்து, நான் எம்மாத்திரம் என்று ஜெபிக்கிறார்.

பிரசங்கங்கள் பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். எனக்குப் பிடித்தது 1 நாளாகமம் 22. தான் கட்டப் போவதில்லை என்று தெரிந்த ஆலயத்துக்குக் கல்தச்சர்களை வைத்துக் கல் வெட்ட வைக்கிறார், சீதோனியரும் தீரியரும் கேதுரு மரங்களைக் கொண்டுவந்து குவிக்கிறார்கள், கதவுகளுக்கு ஆணியும் கீலும் செய்ய இரும்பு சேர்க்கிறார். ஆணிக்கு இரும்பு சேர்த்துவைக்கும் ராஜா! அப்புறம் 28ஆம் அதிகாரத்தில் கட்டட மாதிரியையே மகன் சாலொமோன் கையில் கொடுக்கிறார். சாலொமோன் தன் 4ஆம் வருஷத்தில் ஆரம்பித்து 7 வருஷம் கட்டினார், அதைப் பார்க்க அப்பா உயிரோடு இல்லை. தாழ்மையை நான் இங்கேதான் பார்க்கிறேன், நமக்குக் கிடைக்காத வேலை கிடைத்தவருக்கு நம்மால் இரும்பு சேர்த்துக் கொடுக்க முடிகிறதா என்பதில்.

எங்கள் பெரியப்பாவுக்குக் குருவானவர் ஆக ஆசை. தேர்வுக் குழு எடுக்கவில்லை, ஏன் என்றும் சொல்லவில்லை, பள்ளிக்கூட வாத்தியாராகவே ஓய்வு பெற்றார். எங்கள் சேகரத்துப் பையன் ஒருவன் இறையியல் கல்லூரிக்குப் போனபோது, தான் வாங்கிச் சேர்த்திருந்த வேத வியாக்கியானப் புத்தகங்களுக்கெல்லாம் புதுசாக அட்டை போட்டு, அரிசிச் சாக்கில் கட்டி, சைக்கிள் கேரியரில் வைத்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார். "அத்தனையுமா கொடுக்கணும்?" என்று பெரியம்மா கேட்டதற்கு "அவனுக்குத்தானே இனி வேணும்" என்றார். கொஞ்சம் எரிச்சலாகத்தான் சொன்னார், முகத்தில் ஒன்றும் பரவசம் இல்லை. ஆனாலும் சாக்கு போய்ச் சேர்ந்தது.

உங்கள் தோழியை வழியனுப்பும் ஆராதனையில் முன்வரிசையில் உட்கார்ந்து சிரிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை, முடியாவிட்டால் பின்னால் உட்காருங்கள். அவர் போன பிறகு வீட்டில் அம்மா அப்பாவுக்கு மாத மாத்திரை யார் வாங்கித் தருவார்கள் என்று மட்டும் கேளுங்கள், பொன்னாடை போர்த்துகிற அவசரத்தில் பெரும்பாலும் இதை யாரும் கேட்பதில்லை. அப்புறம், பரிசோதனையில் என்ன குறை சொன்னார்களோ அதற்கு ஒழுங்காக வைத்தியம் பாருங்கள். ஆண்டவரே வேண்டாம் என்றுவிட்டார் என்று ரிப்போர்ட்டை பீரோவில் வைத்துப் பூட்டுகிற ஆட்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.