ஆலோசகர் கடன் கேட்டால்

வணக்கம். உங்கள் மனநல ஆலோசகர் இரவில் வாட்ஸ்அப்பில் தன் குடும்பச் சிக்கல்களைக் கொட்டுகிறார், இப்போது கடனும் கேட்கிறார், மறுத்தால் நன்றி கெட்டவளாகிவிடுவேனோ என்று எழுதியிருக்கிறீர்கள். நிச்சயமாக இல்லை. அவரைத் தேற்றுவது உங்கள் பொறுப்பே அல்ல.

தொழில் எல்லையில் ஆலோசகர் காட்டும் எல்லா நெகிழ்வும் தவறில்லை. நீங்கள் உடைந்து அழுத அன்று அவர் கூடுதலாகப் பத்து நிமிடம் உட்கார்ந்தாரே, அது உங்களுக்காக. கடன் அவருக்காக. குதைல், கபார்ட் என்ற மனநல மருத்துவர்கள் 1993-இல் எழுதிய கட்டுரையில், தீங்கில்லாத எல்லை தாண்டலையும் பாதிப்பு தரும் எல்லை மீறலையும் பிரித்துப் பார்த்தார்கள். உங்களுக்கு நடப்பது இரண்டாவது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

“பணம் தர இயலாது. இனி அமர்வு நேரத்தில் மட்டும் பேசலாம்” என்று அனுப்புங்கள். காரணம் சொல்லாதீர்கள், சொன்னால் அதற்கொரு பதில் வரும், பேச்சு நீளும். பழைய செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் கொடுப்பதா என்பதைப் பிறகு நிதானமாக முடிவு செய்யலாம்.

அவர் நடத்தும் ஆதரவுக் குழுவில் வேறு யாரிடமாவது கேட்டாரா என்று நீங்கள் துருவ வேண்டாம். அங்கே இருப்பவர்களும் உங்களைப் போலவே வலியோடு வந்தவர்கள். முதலில் வேறொரு ஆலோசகரைப் பாருங்கள், நடந்ததை அவரிடம் அப்படியே சொல்லுங்கள்.