குரங்கு எச்சத்தில் கார்டிசால்: கேள்வி பதில்

சிதம்பரம் மாணவி: ஐயா, பிச்சாவரம் படகுத்துறைப் பக்கம் திரியும் நாட்டுக்குரங்குகளை ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் பாதிக்கிறதா என்று எச்சத்தில் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனைப் பார்க்க நினைக்கிறேன். ஞாயிறே எடுக்கலாமா?

ஞாயிறு எடுத்தால் சனிக்கிழமைக் கணக்குதானம்மா கிடைக்கும். ரத்தத்தில் ஏறிய கார்டிசால் கல்லீரலில் சிதைந்து, பித்தத்தோடு குடலில் இறங்கி வெளியே வர ஏறக்குறைய ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள் ஆகும். எனவே ஞாயிற்றுக்குத் திங்கள், செவ்வாய் எடுங்கள். ஒப்பிட, வியாழன், வெள்ளி.

எந்தக் குரங்கு போட்டது என்று கண்ணால் பார்த்ததை மட்டும், கையுறை, முகக்கவசத்தோடு, அரை மணிக்குள் எடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் பாக்டீரியா சும்மா இருக்காது. சிறுநீர் பட்டதை விட்டுவிடுங்கள். ஹார்மோன் எச்சம் முழுக்க ஒரே சீராக இருக்காது. குச்சியால் நன்றாகக் கலந்து, விதையை ஒதுக்கி, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றே மைனஸ் 20 டிகிரியில் உறைய வையுங்கள். பிறகு உலர்த்தி, பொடித்து, 80 சதவீத மெத்தனாலில் பிரித்தெடுக்கலாம். அளவை உலர் எடைக்குச் சொல்லுங்கள், ஈரம் ஏமாற்றும்.

பெரிய சிக்கல் வேறு. கூட்டம் வந்தால் பிஸ்கட்டும் முறுக்கும் வரும். நார் குறைந்தால் குடல் ஓட்டம் மாறும், கார்டிசால் அளவும் மாறும். அதைப் பயம் என்று எழுதிவிடுவார்கள். எந்தக் குரங்கு என்ன தின்றது என்பதையும் குறித்தால்தான் பிரித்துச் சொல்ல முடியும். முதலில் வனத்துறையின் எழுத்து அனுமதி.

புதுச்சேரி வாசகர்: ஆன்டிபாடி கொண்டு ஹார்மோனை அளக்க, கடையில் விற்கும் எலைசா கிட் போதுமா சார்?

அப்படியே போதாது. எச்சத்தில் முழு கார்டிசால் மிகக் குறைவு, சிதைபொருள்களே அதிகம். அவற்றைப் பிடிக்கும் ஆன்டிபாடி, அதாவது அவற்றோடு ஒட்டிக்கொள்ளும் புரதம், வேண்டும். மாதிரியை 2, 4, 8 மடங்கு நீர்த்து, வரைபடத்தில் அதன் கோடு, அளவு தெரிந்த ஸ்டாண்டர்டு கரைசலின் கோட்டுக்கு இணையாக ஓடுகிறதா பாருங்கள். கூண்டுக் குரங்குக்கு மருத்துவர், கார்டிசாலைச் சுரக்கத் தூண்டும் ஏ.சி.டி.எச். ஹார்மோன் ஊசி போட்ட பின் அளவு ஏறுகிறதா என்பது அடுத்த சோதனை.

கடலூர் ஆசிரியர்: குரங்குக் கூட்டத்துக்குள் கீழ்நிலைக் குரங்குக்குத்தான் அழுத்தம் அதிகமாமே?

எப்போதும் இல்லை ஐயா. கென்யாவின் அம்போசெலி பபூன்களில் 2011இல் வெளியான ஆய்வில், முதலிடத்து ஆணுக்கு இரண்டாமிடத்து ஆணைவிடக் கார்டிசால் சிதைபொருள் அதிகம். சண்டைக்கும் பெண்ணைக் காவல் காப்பதற்கும் ஆகும் செலவு அது.

நெய்வேலி வாசகி: எச்சத்திலேயே, நெருக்கத்தோடு தொடர்புள்ள ஹார்மோனான ஆக்ஸிடோசினும் பார்க்கலாமா?

கூடாது. அது பெப்டைடு, அதாவது புரதத் துணுக்கு போன்றது, குடலில் செரித்துவிடும். குரங்குகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்து முடித்து ஒரு மணி நேரத்துக்குள் விழும் சிறுநீரைப் பிடித்து, சிறுநீர் எவ்வளவு நீர்த்திருக்கிறது என்று காட்டும் கழிவுப்பொருளான கிரியேட்டினினோடு ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும்.