ரெண்டு பக்கெட் மீன் தொட்டி தண்ணிக்கு நோட்டீஸா?

கடல் மீன் தொட்டில மாத்துற தண்ணிய மழைநீர் வடிகால்ல விடக்கூடாதுன்னு நோட்டீஸ் குடுத்துட்டாங்க, இது ஓவர் இல்லையான்னு கேட்டிருக்கீங்க. எனக்கும் இதே நோட்டீஸ் வந்துச்சு, உங்க கோவம் நல்லாவே புரியுது.

என் தொட்டி 200 லிட்டர், ரெண்டு வாரத்துக்கு ஒருக்க 40 லிட்டர் மாத்துவேன், ரெண்டே பக்கெட். இதுக்குப் போயா இவ்ளோ கெடுபிடின்னு செம கடுப்புல இருந்தேன். அப்புறம் கணக்கு போட்டுப் பாத்தேன், கடல் தண்ணில லிட்டருக்கு சுமார் 35 கிராம் உப்பு, அப்போ ஒரு தடவைக்கே 1.4 கிலோ, மழைநீர் வடிகால்ல பெரும்பாலும் சுத்திகரிப்பே கிடையாது, நேரா குளத்துலயோ ஆத்துலயோ தான் போய் சேருது. சரி செடிக்கு ஊத்துவோம்னு ஊத்தினேன், கொஞ்ச நாள்ல இலை ஓரமெல்லாம் தீஞ்சு போன மாதிரி பழுப்பாயிடுச்சு.

உப்ப விடுங்க, பாசி தான் பெரிய பயம். காலெர்ப்பா டாக்ஸிஃபோலியான்னு அக்வேரியத்துல அழகுக்கு வளத்த பாசி, 1984ல மொனாக்கோ கரையோரம் கடல்ல முளைச்சிருந்தத பாத்தாங்க, அப்புறம் மத்திய தரைக்கடல்ல பரவிடுச்சு. 2000ல கலிஃபோர்னியாவுல சான் டியாகோ பக்கம் ஒரு காயல்லயும் வந்து, தார்ப்பாய் போட்டு மூடி உள்ள குளோரின் விட்டு கொன்னாங்க, ஒழிஞ்சுதுன்னு அறிவிக்க 2006 ஆயிடுச்சு. ஒரு சின்ன துண்டு போதும் அது மறுபடி வளர. என் பக்கெட் அடியிலயும் பாசித் துணுக்கு கிடக்கும்.

அதனால விதி தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். எனக்கு வயிறு எரியுறது எங்கன்னா, எங்க ஊத்தக்கூடாதுன்னு பக்கம் பக்கமா எழுதுறவங்க எங்க ஊத்தணும்னு ஒரு வரி எழுத மாட்டேங்குறாங்க. நாலு தடவ ஆபீஸுக்கு அலைஞ்சேன், கடைசில நீட்டின ஃபார்ம்ல தொழிற்சாலை பேரு, கழிவு எத்தன ஆயிரம் லிட்டர்னு கட்டம். வீட்டுல தொட்டி வச்சிருக்கவன் அதுல என்னத்த எழுதுறது?

அங்க வேலை பாக்குற ஒருத்தர் தான் வாய்வார்த்தையா சொன்னாரு, பாதாள சாக்கடை கனெக்‌ஷன் இருந்தா டாய்லெட்ல ஊத்துங்கன்னு. இப்போ துணில வடிகட்டி ஊத்துறேன், துணுக்க நல்லா காயவச்சு குப்பைல போடுறேன். செப்டிக் டேங்க்னா அப்படி செய்யாதீங்க, அந்தத் தண்ணி கடைசில மண்ணுக்குள்ள தான் இறங்கும், உப்பும் கூடவே போகும். நீங்க நோட்டீஸுக்கு பதில் எழுதும்போது எங்க விடணும்னு எழுத்துல கேளுங்க, நான் கேட்டதுக்கு இன்னும் பதில் வரல.