கணவர் கையெழுத்து தேவையில்லை, சகோதரி

ஒன்பது வாரக் கரு, கணவர் கையெழுத்திடாமல் கலைக்க முடியாது என்று மருத்துவமனையில் திருப்பி அனுப்பிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே கொதிக்கிறது. 1971-ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பிய பெண்ணின் சம்மதமே போதும். ‘படிவம் சி’ என்ற சம்மதப் படிவத்தில் நீங்கள் கையெழுத்திட வேண்டும், கணவர் கையெழுத்திட அதில் இடமே கிடையாது. சட்டத்தில் இல்லாத நிபந்தனைகளை மருத்துவர்கள் விதிக்கக் கூடாதென்று 2022-இல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. கருத்தடை தவறியதைக் காரணமாகத் தாராளமாகச் சொல்லலாம். 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். சட்டப்படி அனுமதி இல்லாதவரிடம் உங்கள் பெயரை வெளியிட்டால் மருத்துவருக்குத்தான் தண்டனை. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கி நீங்களாகவே விழுங்கிவிடாதீர்கள். நாளைக் காலையே அரசு மருத்துவமனை மகப்பேறு பிரிவுக்குப் போங்கள். அங்கும் கணவரின் கையெழுத்தைக் கேட்டால், மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.